மணல்திட்டில் ஏறிய படகு

தவமணி அம்மையின் சீடர்களில் காத்தலிங்கம்தான் மூத்தவர். அம்மையைவிட இருபது வயது பெரியவர். சீடராக வருவதற்கு முன் ஆற்றில் சரக்குப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர்.

அந்த ஆற்றின் வரலாற்றை அவர் எழுதி முடித்திருந்தார். உப்பும் கருவாடும் ஏற்றிய படகுகள் முகத்துவாரத்திலிருந்து முப்பது மைல் உள்ளே சந்தைவரை வந்து போனதும், ஒரு பெருவெள்ளத்தில் ஆறு தெற்கே திரும்பியதும், பழைய தடம் மணல் மேடிட்டுச் சரக்குப் படகுகள் நின்றுபோனதும் அதில் இருந்தன. மறுநாள் ஊர் கூடி அதைக் கேட்பதாக ஏற்பாடு.

அம்மை கடைசிப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார்.

‘வியாகுலத்தின் கவனக்குறைவால் கடைசிப் படகு மணல்திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. ஒன்பது பேர் மாண்டனர்.’

“வியாகுலம் யார்?”

“படகின் முன்னால் நின்று கழியால் ஆழம் பார்ப்பவர். பின்னால் சுக்கானில் நான் இருந்தேன். அவரும் பிழைக்கவில்லை.”

“அவருக்கு யாராவது இருக்கிறார்களா?”

“ஒரு மகள். நாளைக்கு அவளும் வருவாள்.”

அம்மை எழுந்தார். “என்னைப் படகில் கொஞ்ச தூரம் கூட்டிப்போங்கள்.”

காத்தலிங்கம் பின்னால் சுக்கான் பிடித்தார். நீரோட்டம் படகை இழுத்துச் சென்றது. அம்மை முன்னால் நின்று கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்தார்.

“கழுத்தளவு.”

சற்றுக் கழித்து, “இடுப்பளவு.”

பிறகு, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, “முழங்கால்.”

படகு அந்தக் கணமே விலகியது.

“மெதுவாகத்தானே சொன்னேன். கேட்டதா?”

“கேட்டது, அம்மா.”

“அன்றைக்கு வியாகுலம் எப்படிச் சொன்னார்?”

காத்தலிங்கத்துக்குக் காது மடல்வரை சுட்டது. தலை தானாகக் குனிந்தது.

“கத்தினார். மூன்று முறை.”

“நீங்கள்?”

“வெள்ளம் வடிந்து அன்றுதான் முதல் பயணம். இருபது வருஷம் பழகிய தடம், எனக்குத் தெரியாதா என்றேன். கழியைத் தூக்கி உள்ளே வை என்று அதட்டினேன். வைத்துவிட்டார்.”

அம்மை கையிலிருந்த கழியைப் படகுக்குள் வைத்தார்.

“நீந்திக் கரையேறினேன். யாரால் இப்படி ஆச்சு என்று கேட்டார்கள். வாயில் அவர் பெயர்தான் வந்தது. இவ்வளவு காலமும் அந்தப் பெண் தெருவில் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.”

படகு கரையில் முட்டி நின்றது. அவர் இறங்கவில்லை. அம்மையின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

“அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன், அம்மா.”

“வேண்டாம். பெயரை மட்டும் மாற்றுங்கள்.”