கூடைக்கு அடியில் ஒரு கால்தடம்

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் மண்டபத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டு வீடு, அதற்குப் பின்னால் பெரிய கொல்லை, கொல்லைக்கு நடுவில் ஒரு கிணறு. அவ்வளவுதான்.

அங்கே குருவாக இருந்தது ஒரு பெண். பெயர் திரிபுரம்மாள். நாற்பது வயதுதான் இருக்கும். தேடி வந்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். யாரையும் உட்காரவைத்து அவர் பாடம் சொன்னதில்லை. வந்தவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார். கேள்வி இருந்தால் வேலை செய்துகொண்டே கேட்கலாம்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் தாண்டவராயர். அறுபதை நெருங்கியவர். ஊரில் அவர் குரல் கேட்டால் நாய்கூட எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்பார்கள். ஒரே மகள் சிவகாமு தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று, "இந்த வாசப்படியை மிதிச்சா காலை முறிச்சிடுவேன்" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். மகள் மிதிக்கவில்லை. தாய் செத்தபோதுகூட வாசலுக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வருஷம் மாசி பிறந்தபோது மகளிடமிருந்து ஒரு சொல் வந்தது. ஊர் ஊராகப் பாத்திரம் விற்கிறவர் ஒருவர் கொண்டுவந்தார்.

"உங்க பொண்ணு முழுகாம இருக்குது. அம்மா கொல்லையிலே போடுமாமே, முள்ளுக்கத்தரி, அந்தக் காயிலே குழம்பு வச்சுச் சாப்பிடணுமாம். நாக்கு அதுக்கே ஏங்குதாம். அப்பா அதைப் போட்டு வளத்தாருன்னா காய்க்கிற நேரத்துக்கு வர்றேன்னு சொல்லச் சொல்லிச்சு."

தாண்டவராயர் வீட்டுக்கு ஓடினார். மாடக்குழியில், மனைவி சாம்பல் கலந்து முடிந்துவைத்த துணி அப்படியே இருந்தது. பாதி விதையைப் பூச்சி அரித்திருந்தது. ஊரில் வேறு யாரிடமும் அந்த ரகம் இல்லை. வீட்டுக் கிணறும் வற்றிவிட்டதால், மிச்ச விதையை மடத்துக்கே கொண்டுவந்தார்.

கொல்லையில் கோடைக்கு முந்திய வேலைகள் நடந்துகொண்டிருந்தன. திரிபுரம்மாள் புடலைக்குப் பந்தல் கட்டினார். தையல்நாயகி என்ற சீடப்பெண் எருக்குழியைக் கிளறினாள். அவள் மண்வெட்டியைவிட அவள் வாய் நன்றாகக் கிளறும். சமையல்காரன் பொன்னுரங்கம் அடுப்பு வேலை முடிந்ததும் சருகைக் கூட்டி அள்ளித் தென்னைக்கு அடியில் பரப்பினான். ஒரு கூடை சருகைக் கொட்டினால் ஒரு வேடிக்கையும் சேர்த்துக் கொட்டுவான்.

தாண்டவராயர் கிணற்றடிக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு பாத்தி கட்டினார். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே வைக்கோல் பரப்பினார். காலையிலும் மாலையிலும் பூவாளியால் தெளித்தார். முளை கிளம்பியதும் வைக்கோலை எடுத்துவிட்டு, தென்னங்கீற்றால் நிழல் கட்டினார். பிறகு பாத்தியை விட்டு எழுந்திருக்கவே மனசில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நாத்துக்குத் தாலாட்டு பாடுறீங்களாமே? அடுக்களை வரைக்கும் கேக்குது" என்றான் பொன்னுரங்கம்.

"போடா" என்றார் தாண்டவராயர். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் விடிந்ததும் அவர் பாத்திக்குப் போனார். பாத்தியின் நடுவில் ஒரு கால்தடம். ஈர மண்ணில் ஆழப் பதிந்திருந்தது. அதற்கு அடியில் நாலைந்து நாற்றுகள் நசுங்கிக் கிடந்தன.

அவர் போட்ட சத்தத்தில் முருங்கையிலிருந்த காக்காயெல்லாம் பறந்துவிட்டன.

"எவன்டா மிதிச்சவன்? மரியாதையா வந்து சொல்லிடு! நானாக் கண்டுபிடிச்சேன், மிதிச்ச காலை முறிச்சு அடுப்பிலே வைப்பேன்!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். யாரும் நான் என்று சொல்லவில்லை.

"ஆடு கீடு மிதிச்சிருக்கும்" என்றாள் தையல்நாயகி.

"ஆட்டுக்கு அஞ்சு விரலா? கண்ணு தெரியலையா உனக்கு?"

பொன்னுரங்கம் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை. அரிவாள்மணையில் பாதி நறுக்கிய வாழைத்தண்டு இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான்.

தாண்டவராயர் ஒரு கூடையைக் கொண்டுவந்து தடத்தின்மேல் கவிழ்த்தார்.

"இது சாட்சி. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் கரைஞ்சு போயிடும். எவனும் கிட்ட வரக்கூடாது."

அன்றிலிருந்து அவர் பூவாளியைத் தொடவில்லை. கையால் கொஞ்சம் அள்ளி ஓரத்தில் மட்டும் தெளிப்பார். அதுவும் கூடைப் பக்கம் ஓடிவிடாமல் விரலால் அணை கட்டுவார். பங்குனி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மதியத்துக்குள் மண் வெளுத்துவிடும்.

சாயங்காலம் பொன்னுரங்கம் இடுப்பில் குடத்தோடு வந்தான்.

"அண்ணே, நாத்து தலையைத் தொங்கப்போட்டுருச்சு. மெதுவா ஊத்திட்டுப் போயிடறேன்."

"தடத்தை அழிக்க வந்தியா? எவன் அனுப்பினான் உன்னை?"

"யாரும் அனுப்பலைண்ணே. வாடுதேன்னு..."

"வாடட்டும்! ஆள் அகப்படட்டும், அப்புறம் ஊத்திக்கலாம். போடா அந்தண்டை!"

பொன்னுரங்கம் போய்க் கிணற்றடியில் நின்றான். குடத்தை இறக்கி வைக்கவில்லை. இருட்டும்வரை நின்றுவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். மறுநாளும் விரட்டப்பட்டான்.

தாண்டவராயர் மடத்தில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். வருகிற ஆளுக்கெல்லாம் பாத்திக்குள் இறங்கிக் கூடையைத் தூக்கிக் காட்டினார். கயிற்றால் தடத்தை அளந்தார். காலை அளந்தார். வெயில் ஏற ஏறத் தடத்தின் விளிம்பு உதிர்ந்துகொண்டே வந்தது. தடம் அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் எல்லோர் காலும் அதற்குள் அடங்கியது.

"உங்க காலும்தான் உள்ளே போகுது. உங்களையும் பிடிச்சுக் கட்டுவோமா?" என்றாள் தையல்நாயகி.

"வாயை மூடு!"

"மூடிக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கிறேன், உங்களுக்குக் காலை முறிக்கிறதைத் தவிர வேற தண்டனையே தெரியாதா? பெத்த பொண்ணுக்கும் அதேதான், மண்ணை மிதிச்சவனுக்கும் அதேதான்."

தாண்டவராயர் கையிலிருந்த கயிற்றைத் தரையில் அடித்தார். நேராகப் புடலைப் பந்தலுக்குப் போனார். திரிபுரம்மாள் மூங்கிலில் ஏறி நின்று கயிறு முடிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, கீழே இறங்குங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டா அவன் ஒத்துக்குவான். கேளுங்க."

"கேட்டு?"

"ஆளைப் பிடிக்கணும்."

"பிடிச்சு?"

"காலை முறிக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்! என் பொண்ணு இத்தனை வருஷம் கழிச்சு வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கா. அதைப் போய் ஒருத்தன் மிதிச்சுட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி என்கூடப் பந்தியிலே உக்காந்து சோறு திங்கிறான். நான் என்ன, சும்மா கத்துறேனா? என் கோபத்திலே நியாயம் இருக்கா இல்லையா? முதல்லே அதைச் சொல்லுங்க!"

"இருக்கு" என்றார் திரிபுரம்மாள்.

தாண்டவராயர் இதை எதிர்பார்க்கவில்லை.

"மிதிச்சது தப்பு. மிதிச்சுட்டு வாயைத் திறக்காம இருக்கிறது அதைவிடத் தப்பு. எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். "வாங்க. அந்தத் தடத்தைப் பாக்கலாம்."

தாண்டவராயர் முன்னால் ஓடினார். பாத்திக்குள் இறங்கி நடுவில் நின்று கூடையைத் தூக்கினார்.

"இதோ. பாருங்க. நல்லாப் பாருங்க."

திரிபுரம்மாள் கூடை இருந்த இடத்தைப் பார்க்கவில்லை. தாண்டவராயரின் காலைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கை நிறையச் சாமான்கள். பூக்கூடை, சருகுக்கூடை, அரிசி புடைக்கிற முறம், கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரம்.

"காலைத் தூக்குங்க" என்றார்.

தாண்டவராயர் வலது காலைத் தூக்கினார். அது இருந்த இடத்தில் திரிபுரம்மாள் பூக்கூடையைக் கவிழ்த்தார்.

"இது எதுக்கு?"

"தடம். அந்தக் காலையும் தூக்குங்க." அங்கே முறம் விழுந்தது. "அதோ அங்கே ஒண்ணு. நேத்துக் கயிறு வச்சு அளந்தீங்களே, அப்ப நின்ன இடம். இதோ இது முந்தாநாள்."

"அம்மா, அதெல்லாம் என் தடம்."

"தெரியுது. வெயில் பட்டா உதிர்ந்துடும். பத்திரமா வைக்க வேண்டாமா?" அவர் குரல் ஏறியது. "நகருங்க! இதுக்கு அடியிலே ரெண்டு நாத்து. இதுக்கு அடியிலே பாருங்க, ஒரு கொத்தே போயிருக்கு. கூடை பத்தலை. தையல்நாயகி! அடுக்களையிலே சட்டி, சொம்பு, என்ன இருந்தாலும் எடுத்துட்டு வா!"

தையல்நாயகி ஓடினாள். சட்டி வந்தது. சோறு வடிக்கிற தட்டு வந்தது. ஒவ்வொன்றையும் திரிபுரம்மாள் டம் டம்மென்று கவிழ்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. அது விளையாட்டுக்குச் செய்கிற முகமாக இல்லை.

"என்னை அவமானப்படுத்துறீங்களா?" என்று கத்தினார் தாண்டவராயர்.

"உங்களுக்கு ஒத்தாசை பண்றேன். தடத்தைக் காப்பாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டா, அதை முழுசாச் செய்யணும். அரைகுறையா எதுக்கு?"

கடைசிச் சட்டியையும் கவிழ்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

பாத்தியில் மண் தெரியவில்லை. சந்தையில் கடை பரப்பினதுபோல் இருந்தது. கிழக்கு மூலையில் மட்டும் ஒரு கைப்பிடி பச்சை மிச்சம். அதுவும் தண்டு வளைந்து தரையில் படுத்திருந்தது.

தாண்டவராயர் அதைப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார். மறுபடியும் அந்த மூலையைப் பார்த்தார்.

"இவ்வளவுதான் மிச்சமா?"

"பாத்தாத் தெரியுதே."

"வைகாசியிலே சிவகாமு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. குனிந்து ஒரு நாற்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். அது மறுபடியும் சாய்ந்தது.

அதைப் பார்த்தபடியே அவர் சொன்னார், "ஆனா எனக்கு இன்னும் கொதிக்குதும்மா. அடங்க மாட்டேங்குது."

"அடங்கச் சொல்லி யாரு கேட்டா? கொதிக்கட்டும். கொதிச்சுக்கிட்டே ஊத்துங்க. நாத்து ஊத்துறவன் மூஞ்சியைப் பாத்தா குடிக்குது?"

தாண்டவராயர் பூவாளியை எடுத்தார். அதன் அடியில் தூசி படிந்திருந்தது. ஒரு அடி வைத்தவர் நின்றுவிட்டார்.

"தண்ணி ஊத்தினா தடம் அழிஞ்சிடும்."

"அழியும்."

"அப்போ அந்த மிதிச்சவன்? எவன்னே தெரியாமப் போயிடுமே! அவனை எங்கே போய்த் தேடுறது?"

தையல்நாயகி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் தானாக வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

திரிபுரம்மாள் அவரைத் தாண்டி, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கிணற்றடியைப் பார்த்தார். அங்கே பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் குடம். குடத்திலிருந்து வழிந்த தண்ணீர் அவன் வேட்டியை நனைத்து, கால்வழியாக இறங்கி மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேட வேண்டாம்" என்றார் திரிபுரம்மாள். "அவன் அன்னையிலேருந்து குடத்தோடதான் நிக்கிறான். நீங்கதான் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."