தலைவலியும் திரைமறைவு மோரும்

முன்னொரு காலத்தில், எந்தத் திசையில் தேடினாலும் அகப்படாத ஒரு நாட்டைச் செண்பக பூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்று தோன்றிவிட்டால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். ஒரு கோடையில், கிரீடம் இறுக்கமாக இருந்தால் முகத்தில் இளமை கூடும் என்று தோன்றியது. ராஜவைத்தியர் கனகசபேசர் "ஆஹா, என்ன யோசனை!" என்றார். பொற்கொல்லர் தயங்கியும் கேட்காமல், அரை விரல் குறைத்துப் புதுக் கிரீடம் செய்துகொண்டார் அரசர்.

அரசருக்குத் தினமும் உச்சிப்பொழுதில் ஒரு குவளை நீர்மோர் வேண்டும். இருபது வருஷமாக அதைக் கலந்து கொடுப்பவள் அங்கம்மை என்ற விதவை. அந்தக் கோடையில் சில நாட்கள் மோர் குடித்த கையோடு அரசருக்குத் தலை தெறித்தது. வைத்தியருக்கோ, தம் மைத்துனனை அரண்மனை மடைப்பள்ளியில் நுழைத்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது.

"அரசே, சென்ற மாதம் தங்களுக்குப் பன்னிரண்டு நாள் தலைவலி. ஓலையில் குறித்திருக்கிறேன். பன்னிரண்டு நாளும் மோர் தந்தவள் அங்கம்மை. அவள் கைராசி கெட்டுவிட்டது" என்றார்.

"அவளை நாடு கடத்துங்கள்!" என்றார் அரசர்.

சபையில் ஒருவர் மட்டும் எழுந்தார். விகடகவி வெண்காடன். "அரசே, தலை வலிக்காத பதினெட்டு நாளும் மோர் தந்தது யார்?"

"வலிக்காத நாளை எவன் ஐயா ஓலையில் எழுதுவான்?" என்று வைத்தியர் கேட்க, சபை சிரித்தது.

அரசர் சிரிக்கவில்லை. "அவள் முகத்தைக் கண்டாலே எனக்கு விண் விண்ணென்று தெறிக்கிறது, வெண்காடா. இருபது நாள் தருகிறேன். அவள் கை காரணமில்லை என்று காட்டு. தவறினால் நீயும் அவளோடு எல்லை தாண்ட வேண்டும். அதுவரை அவள் என் கண்ணில் படக்கூடாது!"

"உத்தரவு. கண்ணில் படமாட்டாள்" என்றார் வெண்காடன்.

மோர் கலக்கும் ஒரு பெண்ணுக்காக இவர் ஏன் கழுத்தை நீட்டினார் என்று சபை முணுமுணுத்தது. பஞ்ச காலத்தில் மூன்று நாள் பட்டினியோடு இந்த அரண்மனையின் பின்வாசலில் சுருண்டு விழுந்தவர் வெண்காடன். அன்று அவர் வாயில் மோரும் சோறும் ஊட்டியவள் அங்கம்மை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வெண்காடன் அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

அன்று மடைப்பள்ளியில் அங்கம்மை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "எங்கையில என்ன நஞ்சா இருக்கு தம்பி? இந்த வயசுல நான் எந்த ஊருக்குப் போவேன்? நீ ஏன் என்னால கெடணும்?"

"மூட்டையை அவிழ்த்து வை அக்கா. நாளைக்கும் நீ மோர் கலக்க வேண்டும்."

மறுநாள் உணவு மண்டபத்தில் ஒரு தடித்த திரை தொங்கியது. "இது என்ன கூத்து?" என்றார் அரசர்.

"அங்கம்மை தங்கள் கண்ணில் படக்கூடாது என்றீர்கள். படவில்லையே! திரைக்குப் பின்னால் ஒரே தயிரில் இருவர் மோர் கலக்குவார்கள். ஒருவர் அங்கம்மை, மற்றவர் வைத்தியரின் மைத்துனர். மகாராணியார் ஐந்து சோழி உருட்டுவார். ஒற்றைப்படையாக மலர்ந்தால் அங்கம்மையின் மோர், இரட்டைப்படையானால் மைத்துனரின் மோர் வெளியே வரும். பெயரை ஓலையில் எழுதி, குடத்திலிட்டு மகாராணியாரே முத்திரை வைப்பார். தங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"உனக்குமா? ஏன்?"

"அங்கம்மை வெல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை, அரசே. ஆசைப்பட்ட கண் உள்ளதைப் பார்க்காது. அதனால் என் கண்ணையும் கட்டிவிட்டேன்."

மைத்துனன் கைக்கு மோர்ச்சட்டி வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் வைத்தியரும் ஒப்புக்கொண்டார். அரசரின் தலை வலித்ததா இல்லையா என்று தினமும் எழுத ஒரு கணக்கர் அமர்ந்தார். "அரசர் எங்கே போனார், என்ன தின்றார், என்ன அணிந்தார், அதையும் விடாமல் எழுதும்" என்றார் வெண்காடன்.

அரசருக்கு இது விளையாட்டாகிவிட்டது. ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, "இன்று மைத்துனர். என்ன குளிர்ச்சி!" என்பார். வலித்த நாளில், "இது அங்கம்மையின் கைதான், சந்தேகமே இல்லை!" என்று உறுமுவார். திரைக்குப் பின்னால் அங்கம்மை சத்தம் வராமல் அழுதாள்.

இருபத்தோராம் நாள் குடத்தை உடைத்தார்கள். எட்டு நாள் தலைவலி. மகாராணியார் ஓலைகளைப் படித்தார். நான்கு நாள் அங்கம்மை. நான்கு நாள் மைத்துனர். "என்ன குளிர்ச்சி!" என்று அரசர் மெச்சிய நாட்களில் பாதிக்கு மேல் அங்கம்மையின் மோர்.

அரசரின் முகம் சிவந்தது. "அப்படியானால் என் தலை ஏன் வலிக்கிறது?"

"கணக்கரின் ஓலையில் ஒன்று இருக்கிறது, அரசே. தாங்கள் புதுக் கிரீடம் அணிந்து சபைக்கு வந்தது ஒன்பது நாள். வலித்த எட்டும் அதற்குள் அடக்கம். ஒரு நாள் மட்டும் வலிக்கவில்லை. அன்று மழை வந்து சபை சீக்கிரம் கலைந்தது. ஆனால் இதுவும் என் ஊகம்தான். சேர்ந்து வந்ததாலேயே கிரீடத்தைக் குற்றவாளி ஆக்கினால், எனக்கும் வைத்தியருக்கும் என்ன வித்தியாசம்? கிரீடத்துக்கும் சோழி உருட்டுவோம்."

பத்து நாள் உருட்டினார்கள். கிரீடம் அணிந்த நாளெல்லாம் தலை தெறித்தது. வெறுந்தலையோடு கொலுவிருந்த நாளில் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் உணவு மண்டபத்தில் அரசர் கிரீடத்தைக் கழற்றி, நெற்றியில் பதிந்த சிவந்த கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "தலை வலிக்கிறதென்று தலையைப் பார்க்காமல் மோர்க்குவளையைப் பார்த்தோமே, வைத்தியரே!" வைத்தியர் தம் ஓலையை மடியில் செருகிக்கொண்டு தூணோரம் ஒதுங்கினார்.

அரசரே எழுந்து போய்த் திரையை விலக்கினார். "அம்மா, என் பிடிவாதம் உங்களை அழ வைத்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று இரு கையாலும் குவளையை நீட்டினார். அவள் குவளை நிறைய மோர் ஊற்றினாள்.

"வெண்காடா, என்ன வேண்டும், கேள்!"

"அந்தக் கிரீடத்தை உருக்கி, பெருவழியெல்லாம் மோர்ப்பந்தல் போடுங்கள், அரசே. அங்கம்மை அதை நடத்தட்டும். இனி யார்மீதாவது குற்றம் சொல்ல வருகிறவர், வலித்த நாளோடு வலிக்காத நாளையும் எழுதிக்கொண்டு வரட்டும்."

அப்படியே ஆணை பிறந்தது. வெண்காடனுக்கு அரசர் தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்தி அணைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அங்கம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக உன் வாழ்வையே வச்சு ஆடிட்டியே தம்பி. இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?"

"நான்தான் அக்கா கடன்பட்டவன். அன்றைக்குப் பின்வாசலில் கிடந்தேனே, எனக்குச் சோறு போடலாமா வேண்டாமா என்று நீ சோழி உருட்டிப் பார்க்கவில்லையே."