கூட்டினால் பதினெட்டு

கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஜமீன்தார் ரத்தினசபாபதிக்குப் பெரிய கர்வம். நெல் கதிர்விடும் நேரத்தில் அவர் ஏரி மடையை அடைத்துவிட்டார். கீழ்வயல்கள் வெடித்தன. தண்ணீர் கேட்டு வந்த ஊராருக்கு முன்னால் நின்றவள் ஆவுடைச்சி.

“நாலு இலக்கத்தில் ஓர் எண் சொல். இலக்கங்களை என் இஷ்டப்படி இடம் மாற்றுவேன். வருகிற எண் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் மடை திறக்கும். இல்லாவிட்டால் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாது” என்றார் ஜமீன்தார்.

“சரிங்க எசமான். இரண்டாயிரத்து நானூற்று ஐம்பத்தேழு.”

அவர் அதை 7542 ஆக்கித் தரையில் கரியால் வகுத்தார். மீதியில்லை. 5274 ஆக்கினார். அதிலும் மீதியில்லை. மறுபடியும் கரியை எடுத்தார்.

“எப்படிப் போட்டாலும் அப்படித்தான் எசமான். இலக்கங்களைக் கூட்டினா பதினெட்டு. அது ஒன்பதால வகுபடும், அதனால எண்ணும் வகுபடும். நீங்க இடத்தைத்தான் மாத்த முடியும், கூட்டுத்தொகையை மாத்த முடியாது.”

ஊரே சிரித்தது.

“இது தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டியா?”

“தெரியாமலா எசமான், ஊர் வயித்தைப் பணயம் வைப்பேன்?”

எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு. ஜமீன்தார் மடைக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். தண்ணீர் கீழ்வயலுக்குச் சீறிப் பாய்ந்தது.