ஹென்ஸ்லோ வீட்டு மாடிப்படி

விக்டோரியா ராணி காலத்து லண்டனில் ஹென்ஸ்லோ என்று ஒரு கலை விமர்சகர் இருந்தார். ஓவியத்தைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தே, வரைந்த கை யாருடையது என்று சொல்லிவிடுவார். அவர் புத்தகங்களை வாங்கி அடுக்காத பணக்கார வீடு இல்லை. படித்தார்களா என்பது வேறு விஷயம். தொழிலாளிக்கும் அழகைப் பார்க்கும் உரிமை உண்டு என்று மேடைதோறும் முழங்கினார். பேச்சோடு நிற்காமல் ஞாயிறுதோறும் அவர்களுக்கு இலவசமாக ஓவியமும் கற்றுக்கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருஷமாக ஒரு வகுப்பும் தவறாத அமோஸ் என்ற தச்சன் ஒருநாள் அவர் வீட்டுக்கே வந்தான். வேலை போய்விட்டது என்றான்.

மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் சிறு மரத்தூண்களைக் கடைவதுதான் பட்டறையில் அவன் வேலை. இருபது வருஷமாக ஒரே அளவு, ஒரே வளைவு. போன வாரம் கை கேட்கவில்லை. ஒரு தூணில் இலை ஒன்றைச் செதுக்கிவிட்டான். முதலாளி வெளியே அனுப்பிவிட்டார். பழையபடி கடைவதானால் திங்கட்கிழமை வரலாம் என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் நான்கு குழந்தைகள்.

"போக வேண்டியதுதானே?"

"முடியவில்லை, ஐயா. அந்தத் தூணைப் பார்த்தாலே குமட்டுகிறது. முன்பெல்லாம் எதையும் பார்க்காமல் கடைவேன், நன்றாகத் தூங்குவேன். நீங்கள்தான் பார்க்கக் கற்றுக்கொடுத்தீர்கள். என் பழைய கண்ணைத் திருப்பிக் கொடுங்கள்."

ஹென்ஸ்லோவுக்குச் சுருக்கென்றது. அழகை அறிந்தவன் படும் துயரமும் ஒரு செல்வம்தான் என்று ஆரம்பித்தார். அமோஸ் அதைக் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நான் கடைந்தது."

"எது?"

"அத்தனை தூணும். என் மூத்த மகள் செத்த வாரம் கடைந்தேன். ஒன்றில் உளி வழுக்கிவிட்டது. மேஸ்திரி கண்ணில் படவில்லை. கழுத்தில் வெட்டு இருக்கும், பாருங்கள்."

ஹென்ஸ்லோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். தூண் தூணாகப் பார்த்தபடி மேலே போனார், அப்படியே கீழே வந்தார். எல்லாம் ஒன்று போலவே இருந்தன.

அமோஸ் கிட்டே வந்து, முதல் படியில் நின்ற தூணின் கழுத்தில் விரலை வைத்தான். நகம் அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது.

ஹென்ஸ்லோ அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"திங்கட்கிழமை நான் வேலைக்குப் போக வேண்டும், ஐயா," என்றான் அமோஸ். "பழைய கண்ணைக் கேட்டேன்."

"அது என்னிடம்தான் இருக்கிறது, அமோஸ். பத்து வருஷமாக அதை வைத்துக்கொண்டுதான் இந்தப் படியில் ஏறி இறங்குகிறேன்."