கூரையில் உருகிய பனி

உயரமான மலையின் மேல், சோலைக்காட்டின் ஓரத்தில், ஒரு பழைய பங்களா இருந்தது. மனிதர்கள் அதை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது அதில் ஒரு முயலும், ஒரு முள்ளம்பன்றியும், ஒரு மலை அணிலும், சில காட்டுக்கோழிகளும் குடியிருந்தன.

முயலின் பெயர் தும்பை. அவளுக்கு மூன்று குட்டிகள். முள்ளம்பன்றியின் பெயர் ஈட்டியன். அணிலின் பெயர் செவலை.

இவர்கள் எல்லோரும் கீழே பெரிய கூடத்தில் படுத்துக்கொள்வார்கள். கூடத்துக்கு மேலே பலகைகள் அடித்த மச்சு. மச்சுக்கு மேலே தகரக் கூரை. அந்த மச்சில் தனியாக ஒருவன் இருந்தான். அவன் மினுக்கன் என்ற மரநாய்.

"இந்த வீட்டுக்கு முதலில் வந்தவன் நான்! அதனால் நான்தான் பெரியவன்!" என்று மினுக்கன் சொல்லிவைத்திருந்தான். யாரும் மறுத்துப் பேசியதில்லை. எல்லோரும் அவனை "ஐயா" என்றே அழைத்தார்கள். மச்சுக்கு யாரும் ஏறி வரக்கூடாது என்று சொன்னான். அதற்கும் தலையாட்டினார்கள்.

மார்கழி வந்தது. புல்வெளியில் உறைபனி விழ ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் தரை முழுவதும் உப்பைக் கொட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். கூடத்தில் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் படுத்தார்கள். அப்படியும் குளிர் அடங்கவில்லை. கதவிடுக்கிலிருந்து சில்லென்று காற்று வந்து முதுகில் குத்தியது.

"ஐயா! குளிர் தாங்கவில்லை! என்ன செய்வது?" என்று ஈட்டியன் மேலே பார்த்துக் கேட்டான்.

மச்சுக்கு ஏறும் இடத்தில் சதுரமாக ஒரு வழி இருந்தது. மினுக்கன் அதன் வழியாகத் தலையை மட்டும் கீழே தொங்கவிட்டான்.

"இலை போதவில்லை! நல்ல காய்ந்த இலையாகக் கொண்டுவந்து மச்சில் போடுங்கள். மேலே இலை இருந்தால்தான் கீழே சூடு நிற்கும்!"

சொன்னபடியே செய்தார்கள். ஈட்டியன் காட்டில் இலை கூட்டினான். கோழிகள் அலகால் கவ்விக்கொண்டு வந்தன. செவலை அதை வழிவரைக்கும் ஏற்றிக் கொடுத்தான். மினுக்கன் கையை நீட்டி வாங்கி உள்ளே இழுத்துக்கொண்டான்.

குளிர் குறையவில்லை.

"ஐயா! அப்படியேதான் இருக்கிறது!"

"அப்படியா? அப்படியானால் கதவுதான் காரணம்!" என்றான் மினுக்கன். "கதவை ஓயாமல் திறப்பது யார்? பாருங்கள்! பொழுது விடிந்தால் ஒரு தடவை, சாய்ந்தால் ஒரு தடவை! அந்தத் தும்பைதானே?"

எல்லோரும் தும்பையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தும்பைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் மேயப் போகாவிட்டால் என் குட்டிகளுக்குப் பால் எங்கிருந்து வரும்? போகும்போதும் வரும்போதும் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத்தானே வருகிறேன்!"

"சாத்துகிறாளாம்! சாத்தினால் குளிர் எப்படி வரும்?" என்று ஒரு கோழி கேட்டது.

"நீங்களும்தானே வெளியே போய் வருகிறீர்கள்!"

"நாங்கள் இலை கொண்டுவரப் போகிறோம். நீ உன் வயிற்றுக்காகப் போகிறாய்!"

 தும்பை ஈட்டியனைப் பார்த்தாள். போன மழைக்காலத்தில் அவன் காலில் முள் தைத்து நடக்க முடியாமல் கிடந்தபோது, கிழங்கு கொண்டுவந்து போட்டவள் அவள்தான். ஈட்டியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்று முணுமுணுத்தான். "தும்பை, நீ கொஞ்ச நாள் பழைய குதிரை லாயத்தில் இரேன். குளிர் குறைந்ததும் கூப்பிடுகிறோம்."

தும்பை குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போனாள். யாரும் உதவிக்கு எழவில்லை. கடைசிக் குட்டியை எடுத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டியதும், உள்ளே இருந்து கதவைச் சாத்தி, அதற்கு முட்டாக ஒரு கல்லையும் உருட்டி வைத்தார்கள்.

லாயத்துக்கு ஒரு பக்கம் சுவரே இல்லை. தும்பை தன் உடம்பாலேயே குட்டிகளை மூடிக்கொண்டாள். ஆனால் மூன்று குட்டிகளுக்கும் அவள் உடம்பு போதவில்லை. விடிந்து பார்த்தபோது கடைசிக் குட்டியின் காது நுனி கறுத்துப்போயிருந்தது. நக்கிப் பார்த்தாள். குட்டிக்கு அந்த இடத்தில் உணர்ச்சியே இல்லை.

தும்பையின் மனசுக்குள் இருந்த அழுகை அப்படியே கோபமாக மாறியது.

"நான் இல்லாமல் இவர்கள் இப்போது நன்றாகக் குளிர்காய்ந்துகொண்டிருப்பார்கள், இல்லையா? போய்ப் பார்க்கிறேன்!"

குட்டிகளை வைக்கோலுக்குள் மறைத்துவிட்டு அவள் புல்வெளிக்கு வந்தாள். புல்வெளி முழுக்க வெள்ளை. வேலி வெள்ளை. லாயத்துக் கூரை வெள்ளை. பங்களாவின் தகரக் கூரையும் வெள்ளை.

ஆனால் அந்தக் கூரையில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாக இல்லை! புகைபோக்கிக்குப் பக்கத்தில், மினுக்கன் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே, தகரம் கறுப்பாக நனைந்து கிடந்தது. அங்கே விழுந்த பனியெல்லாம் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. தகர விளிம்பில் மெல்லிய ஆவி எழும்பியது, மாடு மூச்சுவிடுவதுபோல.

தும்பை அசையாமல் நின்றாள்.

'வெயில் இன்னும் வரவில்லை. அப்படியிருக்க அந்த இடம் மட்டும் எப்படிச் சூடானது? ஒரே ஒரு மரநாயின் உடம்புக்கு இவ்வளவு சூடா?'

அவள் பங்களா வாசலுக்குப் போய்க் கதவிடுக்கில் மூக்கை வைத்தாள். வெளியே ஓர் இலைகூட ஆடவில்லை. காற்றே கிடையாது. ஆனால் அந்த இடுக்கில், அவள் மீசையைத் தள்ளிக்கொண்டு, காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது!

"காற்றே அடிக்காதபோது இது ஏன் உள்ளே ஓடுகிறது? யார் இழுக்கிறார்கள் இதை?"

அப்போது செவலை வாயில் இலையோடு மரத்திலிருந்து இறங்கி வந்தான். தும்பையைக் கண்டதும் வெட்கப்பட்டு ஒதுங்கப் பார்த்தான்.

"நில்லடா செவலை! நான் போன பிறகு உள்ளே குளிர் குறைந்ததா?"

"இல்லை அக்கா," என்றான் செவலை. "இன்னும் கூடிவிட்டது. நீயும் குட்டிகளும் இருந்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். இப்போது அதுவும் இல்லை. ஐயா இன்னும் இலை கேட்கிறார்."

"அங்கே கூரையைப் பார்! ஏறிப்போய்த் தகரத்தின் ஓரமாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வா!"

"ஐயோ! மச்சுப் பக்கம் போகக்கூடாது என்று ஐயா..."

"என் பிள்ளையின் காது செத்துப்போய்விட்டது செவலை! போய்ப் பார்!"

செவலை இலையைக் கீழே போட்டான். சுவரில் ஏறினான். தகரத்தைத் தாண்டித் தலையை உள்ளே நீட்டினான். திரும்பி வந்தபோது அவன் வால் சிலிர்த்து நின்றது.

"அக்கா! மச்சுப் பலகையில் எங்கே பார்த்தாலும் ஓட்டை! புகைபோக்கியைச் சுற்றி என் உடம்பே நுழையும் அளவுக்கு இடைவெளி! விளக்கு தொங்கிய இடத்தில் ஓர் ஓட்டை! ஏறும் வழிக்கு ஒரு மூடி உண்டு அக்கா, அதைக் கழற்றிக் கட்டில்போலப் போட்டுக்கொண்டு, நாம் கொடுத்த இலையையெல்லாம் அதன்மேலும் சுற்றிலும் பரப்பி, ஐயா மல்லாந்து படுத்துத் தூங்குகிறார்! ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் சூடான காற்று புஸ்ஸென்று வருகிறது. என் முகத்திலேயே அடித்தது!"

"அது யாருடைய சூடு?" என்று தும்பை கேட்டாள்.

செவலை திரும்பிக் கூரையைப் பார்த்தான். 

"நம் மூச்சு! நம் உடம்புச் சூடு! கீழே நாம் நடுங்கி நடுங்கி உண்டாக்கும் சூடு மேலே போய் அவனுக்குப் போர்வை ஆகிறது. மேலே போன காற்றுக்கு ஈடாகக் கதவு வழியாகக் குளிர் உள்ளே வருகிறது. பழி மட்டும் எனக்கு!"

அவள் கதவை ஓங்கி உதைத்தாள். கல் உருண்டது. உள்ளே எல்லோரும் துள்ளி எழுந்தார்கள்.

"தும்பை! குளிர் உள்ளே வருகிறது! கதவை மூடு!" என்று கோழிகள் கத்தின.

"வரட்டும்! இன்றைக்கு வரட்டும்! எல்லோரும் தலையைத் தூக்கி மேலே பாருங்கள்!"

சத்தம் கேட்டு மினுக்கன் தலையைத் தொங்கவிட்டான். கண்ணில் இன்னும் தூக்கம் இருந்தது. "யார் இவளை உள்ளே விட்டது?"

"மச்சில் எத்தனை ஓட்டை இருக்கிறது?" என்று தும்பை நேராகக் கேட்டாள்.

"பழைய வீடு. ஓட்டை இல்லாமல் இருக்குமா? அதனால் என்ன? ஓட்டைமேல்தான் இலை பரப்பியிருக்கிறேனே!"

"இலைக்குள் காற்று புகாதா?"

"புகாது!"

தும்பை தன் மார்பிலிருந்து ஒரு கொத்து ரோமத்தைப் பிடுங்கினாள். கதவிடுக்குக்கு அருகே விட்டாள். அது தரையோடு தவழ்ந்து கூடத்துக்குள் போனது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். கூட்டமாக அவர்கள் படுத்திருந்த இடத்துக்கு வந்ததும் அது மெல்ல மேலே கிளம்பியது. ஈட்டியன் தலைக்குமேல் போனது. கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. உத்தரத்தைத் தொட்டது. விளக்கு தொங்கிய ஓட்டைக்குள் சட்டென்று நுழைந்து மறைந்தது. பிறகு, மச்சில் பரப்பிய இலைகள் லேசாகச் சலசலத்தன.

எல்லோரும் மினுக்கனை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அது... அது ஒரு தற்செயல்!" என்றான் மினுக்கன்.

"மூடியை ஏன் கழற்றினாய்?" என்று செவலை கத்தினான். "சொல்! மூடியை ஏன் கழற்றினாய்?"

"நான் தனியாகப் படுக்கிறேன்! எனக்கு ஒட்டிப் படுக்க யார் இருக்கிறார்கள்?"

"கேட்டிருந்தால் இடம் கொடுத்திருப்போமே!" என்றான் ஈட்டியன். அவன் முட்கள் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. "எங்களை இலை பொறுக்க வைத்தாய். இவளைக் குட்டிகளோடு வெளியே தள்ள வைத்தாய். அந்த நேரமெல்லாம் உனக்குத் தெரியும்! தெரிந்துகொண்டே சொன்னாய்!"

மினுக்கன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

தும்பை முதலில் தன் குட்டிகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். அன்று பகல் முழுவதும் யாரும் இலை பொறுக்கவில்லை. ஈட்டியன் ஓடைக்கரையில் களிமண் தோண்டினான். தும்பை பாசியையும் காய்ந்த புல்லையும் சேர்த்து மிதித்துப் பிசைந்தாள். கோழிகள் மண்ணை அள்ளி வந்தன. செவலை மச்சில் ஏறி, இலைக்குப்பையை ஒதுக்கித் தள்ளினான். அடியில் இருந்த இலையெல்லாம் அவர்கள் மூச்சின் ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தது. பலகைகூட நொய்ந்துபோயிருந்தது. புகைபோக்கியைச் சுற்றி, விளக்கு ஓட்டையில், பலகை இடுக்குகளில், களிமண்ணைத் திணித்து அழுத்திப் பூசினான். மூடியை இழுத்து வழிமேல் போட்டு, அதன் ஓரங்களையும் அடைத்தான். மினுக்கன் கூரை மூலையில் உட்கார்ந்து உறுமினான். கிட்டே வரவில்லை.

"எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மூச்சு முட்டாதா?" என்று ஒரு கோழி கேட்டது.

"அந்த ஜன்னல் ஓரத்தில் உடைந்த கண்ணாடி இருக்கிறதே, அதை அப்படியே விட்டுவிடுவோம். அது போதும்," என்றாள் தும்பை.

சாயங்காலம் பனி இறங்கியது. எல்லோரும் கூடத்தில் ஒன்றாகப் படுத்தார்கள். கதவிடுக்கில் காற்று ஓய்ந்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கோழி சிறகைத் தளர்த்திவிட்டுக்கொண்டது. தும்பை இடையில் எழுந்து ஒரு தடவை வெளியே மேயப் போய்விட்டு வந்தாள். கதவு திறந்து மூடியது யாருக்கும் தெரியவில்லை.

ஈட்டியன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"தும்பை, நான் செய்தது பெரிய தப்பு. மன்னித்துவிடு."

"அந்தக் காது திரும்ப முளைக்காது ஈட்டியா," என்றாள் தும்பை. "பெரியவர் சொன்னார் என்று சொன்னாயே, நீ ஒரு தடவையாவது மேலே பார்த்தாயா?"

 ஈட்டியன் போய்க் கதவு ஓரமாகப் படுத்தான். இனி அங்கேதான் படுப்பேன் என்று சொன்னான். தும்பை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போது கதவை யாரோ சுரண்டினார்கள். மினுக்கன்தான். மச்சு இப்போது ஐஸ்போல ஆகிவிட்டது. அவன் பற்கள் தந்தியடித்தன.

"எனக்கும்... எனக்கும் கொஞ்சம் இடம்..."

"லாயத்துக்குப் போ!" என்று கோழிகள் கூவின. "ஆமாம்! லாயத்தில் கிட! தெரியட்டும்!" என்றான் செவலை.

தும்பை எழுந்து வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கோபம் கொஞ்சமும் தணியவில்லை. 

"லாயத்துக்கு இனி யாரும் போக வேண்டாம். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே வா. உன் உடம்புச் சூடும் இந்தக் கூடத்தில் சேரட்டும். ஆனால் இனிமேல் நீ மேலே உட்கார்ந்து எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது! ஏதாவது சொல்ல வேண்டுமானால், நாங்கள் படுக்கும் இந்தத் தரையில் நின்று, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்!"

மினுக்கன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனை யாரும் ஐயா என்று கூப்பிடவில்லை.

நடுங்குகிறவர்மேல் பழிபோடும் முன்னால், அந்த நடுக்கத்தால் யார் சுகமாகத் தூங்குகிறார் என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும்.