ஹால்தோரின் வீரக்கல்

வடகடல் ஓரத்தில் ஹால்தோர் என்றொரு வைக்கிங் தலைவன் இருந்தான். வாயைத் திறந்தால் போர்க்கதை. போர் என்று வந்துவிட்டாலோ வயிற்றுவலி. தன் வீரத்தை ரூன் எழுத்தில் வெட்டி ஊர் நடுவே கல் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது.

கல் வெட்டும் அடிமை கேத்திலைக் கூப்பிட்டான். "ஹால்தோர் புறமுதுகு காட்டாதவன், கடைசி மூச்சுவரை போரிட்டவன் என்று வெட்டுடா. வரப்போகும் ஊர் விருந்துக்குள் கல் நிற்காவிட்டால் உன் தலை நிற்காது."

வெட்டாவிட்டால் கேத்திலின் தலை போகும். கல்லில் பொய் வெட்டினால் ஊரார் கையை வெட்டிவிடுவார்கள். "உத்தரவு, ஐயா" என்றான். சொன்னதைச் சொன்னபடியே வெட்டினான்.

விருந்தன்று ஊரே கூடிக் கல்லைப் படித்தது. மது நிரம்பிய முதல் கொம்பை ஏந்தி வந்த கேத்தில், தலைவனைத் தாண்டிப் போய் அவன் தம்பியிடம் நீட்டினான்.

"டேய்! தலைவன் நானா, அவனா?"

"ஐயா, செத்தவருக்குத்தானே நாம் கல் வைப்போம்? கல் நின்றதும் முதல் கொம்பும் ஆசனமும் வாரிசுக்குத்தானே?"

தம்பி ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆசனத்தில் உட்கார்ந்தான். ஹால்தோரின் மனைவி ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமினாள்.

"நான் உயிரோடுதான் இருக்கிறேன்!" என்று அலறினான் ஹால்தோர்.

"அப்படியானால் கடைசி மூச்சுவரை போரிட்டது?" என்று கேட்டான் கேத்தில்.

"பொய்! நான்தான் வெட்டச் சொன்னேன்!"

சொன்ன வேகத்தில் பக்கத்தில் நின்றவனின் கோடரியைப் பிடுங்கிக் கல்லின்மேல் பாய்ந்தான். அவன் ஆயுதம் ஓங்கியதை ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். கல் திருப்பி அடிக்காதல்லவா!