சிவப்பு வண்டியின் பக்கத்து சீட்டு

ஒரே ஒரு சீட்டுக்கு மூன்று பேர் மல்லுக்கட்டிய கதை இது. தேர்தல் சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அதைவிடப் பெரிய விவகாரம், கார் சீட்டு! காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் சென்னியப்பன் என்று ஒரு பம்புசெட் வியாபாரி இருந்தான். பழைய கார் என்றால் உயிரை விடுவான். எஸ்டேட் பங்களா ஒன்றின் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை ஆசை ஆசையாக வாங்கி வந்தான். மிளகாய்ப்பழச் சிவப்பு, மேலே கூரை கிடையாது, இருப்பதே இரண்டு சீட்டு. அழகுக்குக் குறைச்சல் இல்லை, ஓடத்தான் ஓடாது. இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்துபோய்க் கிடந்ததால் இன்ஜின் ஒரு தடவை இருமக்கூட இல்லை.

அவன் மனைவி வசந்தாமணிக்கு அந்தப் பக்கத்து சீட்டின்மேல் கொள்ளை ஆசை. பழைய கார்களின் ஊர்வலத்தில் ஊரே பார்க்கப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து போகவேண்டும் என்று, காருக்குப் பொருத்தமாகச் சிவப்புப் பட்டுகூட எடுத்து வைத்துவிட்டாள். சென்னியப்பனுக்கோ வாய் சும்மா இருக்காது. விருந்தாளிகள் நிறைந்த வீட்டில், "இந்த வண்டிய ரேஸ்கோர்ஸ் வரைக்கும் நிக்காம ஓட வெக்கறவங்க யாரோ, ஊர்வலத்துல என் பக்கத்து சீட்டு அவங்களுக்குத்தான்!" என்று அறிவித்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? வசந்தாமணிக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே விழவில்லை.

முதலில் வந்தவன் மெக்கானிக் இஸ்மாயில். கார்புரேட்டரைக் கழற்றி, துண்டு துண்டாகப் பிரித்து, பிசினைக் கரைத்து, அடைபட்ட துளைகளையெல்லாம் ஊதி, தேய்ந்த ஊசியை மாற்றி, புது வாஷர் போட்டுப் பூட்டினான். சாவியைத் திருப்பியதும் செத்துக் கிடந்த இன்ஜின் சிங்கம்போல உறுமியது. "எப்படிங்ணா!" என்று இஸ்மாயில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அன்று ஆயுத பூஜை. பொட்டு வைக்காமல் வண்டியை வெளியே அனுப்புவாளா வசந்தாமணி? சந்தனத்தை வெண்ணெய்போலக் குழைத்து ஸ்டியரிங், விளக்கு, சக்கரம் என்று ஒன்றையும் விடவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியின் நட்டநடுவில் ஒரு சின்னக் குழி இருந்தது. 'அட, பொட்டு வைக்கறதுக்குன்னே இடம் விட்டிருக்கானே வெள்ளைக்காரன்!' என்று பூரித்துப்போய், அதில் மட்டும் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி கிளம்பியது, அவினாசி ரோட்டில் கொஞ்ச தூரம் போய் விக்கி விக்கி நின்றது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

அடுத்து வந்தவன் வசந்தாமணியின் தம்பி குழந்தைவேல். "பழசப் பழுது பாத்தா இப்படித்தான் மச்சான்" என்று பம்பாயிலிருந்து புத்தம்புதுக் கார்புரேட்டரை வரவழைத்து மாட்டினான். மாட்டும்போது பெட்ரோல் கொஞ்சம் சிந்திவிட்டது. சிந்தியதை ஈடுகட்ட வசந்தாமணி டேங்க் மூடியைத் திறந்தாள். 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்டது. கேனிலிருந்து ஊற்றி மூடினாள். வண்டி ஜம்மென்று புறப்பட்டது. போன தடவை நின்ற இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்து, மறுபடியும் விக்கி நின்றது.

இரண்டு சீட்டில் இடமில்லாதவர்கள் பின்னாலேயே வேறொரு வண்டியில் வந்து சேர்ந்தார்கள். நடுரோட்டில் ஆண்கள் மூவரும் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு விவாதித்தார்கள். பின்பக்கம் நின்ற வசந்தாமணிக்கு வேறு கவலை. டேங்க் மூடியிலிருந்த பொட்டு பெட்ரோலில் நனைந்து, வழிந்து, அசிங்கமாக இருந்தது. முந்தானையால் துடைத்தாள். குழிக்குள் காய்ந்திருந்த சந்தனத்தை, வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்து நோண்டினாள். 'உஸ்ஸ்!'

"இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்ணா" என்றான் இஸ்மாயில். சென்னியப்பன் சாவியைத் திருப்பினான். அவ்வளவுதான்! ரேஸ்கோர்ஸ் வரைக்கும் போன வண்டி, அங்கே நிற்கப் பிடிக்காமல் ஐந்தாறு சுற்றும் சுற்றியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்களெல்லாம் நின்று கை தட்டினார்கள். சென்னியப்பன் சின்னப்பிள்ளைபோல ஹாரனை அமுக்கித் தள்ளினான்.

வீடு திரும்பியதும் பஞ்சாயத்து தொடங்கியது.

"பேச்சு மூச்சில்லாமக் கெடந்ததுக்கு உசிரு குடுத்தது நானுங்க" என்றான் இஸ்மாயில்.

"இப்ப ஓடறது நான் போட்ட கார்புரேட்டர்லதான், பாய்!" என்றான் குழந்தைவேல்.

"நீங்க ரெண்டு பேரும் கை வெச்சப்ப நின்னுச்சு. நான் கை வெச்ச பின்னாடி நின்னுச்சா?" என்றாள் வசந்தாமணி. சொல்லும்போதே ஊக்கின் நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தாள். சட்டென்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

புத்திசாலிகளே, சொல்லுங்கள்: வண்டி ஏன் நின்றது? பக்கத்து சீட்டு யாருக்குச் சேரவேண்டும்?

விடை: அந்தக் குழி பொட்டுக்கு விட்ட இடமல்ல, டேங்கின் மூக்கு. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டிய வழி அது. சந்தனம் அதை அடைத்துக்கொண்டதால், டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்காமல் வண்டி நின்றது. குழந்தைவேல் மாற்றியது கெடாத கார்புரேட்டரை. வசந்தாமணி எடுத்ததோ அவளே வைத்த அடைப்பு. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டியவளுக்குப் பரிசு ஏது? வேலை நடந்தது இஸ்மாயில் கையால்தான், சீட்டு அவனுக்கே. இதை ஊரறியச் சொன்னது யார் தெரியுமா? வசந்தாமணியேதான். சிவப்புப் பட்டை மடித்து வைத்துவிட்டு வந்து, "சீட்டு உங்களுதுதான் பாய், மூக்கை அடைச்சது நானு" என்றாள். இஸ்மாயில் விழுந்து விழுந்து சிரித்தான். "என் சீட்டுல யாரு உக்காரணும்னு நான்தானுங்க்கா சொல்லோணும்? நீங்களே உக்காருங்க. ஆனா பொட்ட மட்டும் உங்க நெத்தியோட நிறுத்திக்குங்க!" ஊர்வலத்தன்று சிவப்பு வண்டியில் சிவப்புப் பட்டு போயிற்று; ரூபாய் அகலத்துக்கு ஒரு பொட்டு, வண்டிக்கு அல்ல, அவள் நெற்றியில்.